பின் டயர் எவ்வளவு அகலம் வேண்டும்?

கேள்வி: என்னிடம் 42 ஹெச்.பி. டிராக்டர் இருக்கிறது. சொந்த நிலம் ஐந்து ஏக்கர், கரிசல். மக்காச்சோளம் இரண்டு அடி வரிசையிலும் பருத்தி மூன்று அடி வரிசையிலும் போடுகிறேன். மற்ற நாட்களில் வாடகை உழவுக்கும் டிப்பரில் லோடு அடிக்கவும் போகிறேன். பின் டயர் 13.6-28. பட்டன் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. ஒன்பது கொத்துக் கலப்பையை இறக்கினால் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றுகிறது. டயர் கடையில் 14.9 போடச் சொல்கிறார்கள். 16.9 கூட ஏறும் என்கிறார் இன்னொருவர். ரேஸ் கார்களுக்குப் பின் டயர் எவ்வளவு அகலம் பாருங்கள் என்று என் மகன் செல்போனில் காட்டுகிறான். அகலம் கூடினால் பிடிமானமும் கூடும்தானே? வீட்டு நகையை வைத்துத்தான் வாங்க வேண்டும். அதனால் உங்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று எழுதுகிறேன்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெரம்பலூர் மாவட்டம்.

பதில்: நான் படித்தது வேளாண்மை. எந்திரத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறை தனியாக இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியில் பாதி டயரைப் பற்றியது, மீதி மண்ணைப் பற்றியது. மண் என் பாடம் என்பதால் துணிந்து பதில் சொல்கிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். டயர் தேய்ந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். அதே 13.6-28 போடுங்கள். 14.9 வேண்டாம். 16.9 பேச்சையே எடுக்க வேண்டாம். காரணங்களைப் படித்துப் பார்த்துவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

உங்கள் மகன் சொல்வதில் தவறில்லை. போர்ஷே 911 கரேரா என்ற காரில் முன் டயர் 235 மில்லிமீட்டர் அகலம், பின் டயர் 295 மில்லிமீட்டர். எஞ்சின் பின்னால் இருக்கிறது, தள்ளுவதும் பின் சக்கரம், அதனால் பின்பக்கம் அகலம். உங்கள் டயரில் எழுதியிருக்கும் 13.6 என்பது அங்குலக் கணக்கு. மில்லிமீட்டரில் சுமார் 345 வருகிறது. அந்தக் காரைவிட உங்கள் டிராக்டரின் பின் டயர்தான் அகலம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

கார் ஓடுவது தார் ரோட்டில். ரோடு அசையாது, ரப்பர்தான் ரோட்டைப் பிடிக்கிறது. அங்கே அகலமான மென்மையான ரப்பர் நல்ல பிடி கொடுக்கும். வயலில் பட்டன் மண்ணுக்குள் இறங்கி மண்ணைப் பின்னால் தள்ளுகிறது. மண் நகராமல் தாங்கினால் வண்டி முன்னே போகும். மண் அறுந்து பின்னால் போனால் சக்கரம் சுற்றும். ஆகவே பிடிமானம் உங்கள் ரப்பரில் இருப்பதைவிட மண்ணின் பலத்தில்தான் அதிகம் இருக்கிறது.

அந்தப் பலம் இரண்டு வழியில் வருகிறது. கரிசல், களிமண் போன்ற ஒட்டும் மண்ணில் எவ்வளவு பரப்பில் டயர் பதிகிறதோ அவ்வளவு பிடி. மணற்பாங்கான நிலத்தில் பரப்பைவிட, மேலே எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதுதான் கணக்கு. உங்களுடையது கரிசல். அதனால் பதியும் பரப்பைக் கூட்ட வேண்டும் என்று கடைக்காரர் நினைப்பது சரிதான். ஆனால் பரப்பைக் கூட்ட அகல டயரைத் தவிர வேறு வழியும் இருக்கிறது, அதற்குக் காசு கிடையாது.

டயரில் இப்போது எத்தனை பவுண்டு காற்று வைத்திருக்கிறீர்கள்? நீங்கள் எழுதவில்லை. ஆனால் லோடு அடிக்கும் வண்டிகளைப் பஞ்சர் கடையில் விட்டால் கல்லு மாதிரி ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். 24 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பின் சக்கரத்தின் மேல் 800 கிலோ எடை இருந்தால், அதைத் தாங்க டயர் மண்ணில் சுமார் 475 சதுர சென்டிமீட்டர் பதிந்தால் போதும். அதே டயரில் 12 பவுண்டு இருந்தால் சுமார் 950 சதுர சென்டிமீட்டர் பதிய வேண்டும். டயருக்கென்று ஒரு விறைப்பு உண்டு, பட்டனும் குறுக்கே இருக்கிறது, அதனால் கணக்கில் வருவது அப்படியே நிலத்தில் வராது. இருந்தாலும் பதியும் இடம் நன்றாகவே கூடும். அதுவும் அகலத்தில் கூடுவதில்லை, நீளத்தில் கூடுகிறது. நீளமாகப் பதியும் சக்கரம் தான் அழுத்திய தடத்திலேயே ஏறிப் போகும். அகலமாகப் பதிவது முன்னால் அதிக மண்ணைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

13.6-இலிருந்து 14.9-க்குப் போனால் அகலம் கூடுவது 3.3 சென்டிமீட்டர், பத்தில் ஒரு பங்கு. அதற்கு அரை லட்சத்துக்கு மேல் செலவு. காற்றை இறக்க ஒரு குச்சி போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு டயரிலும் ஒரே காற்று இருந்தால் அகல டயர் அப்படியொன்றும் கூடுதலாகப் பதிந்துவிடாது. அதே எடையைக் குறைந்த காற்றில் தாங்கும் என்பதுதான் அகல டயரின் உண்மையான நன்மை. 14.9 வாங்கிப் போட்டுவிட்டு அதிலும் 24 பவுண்டு ஏற்றி ஓட்டினால் நகை அடகில் போனதுதான் மிச்சம்.

எத்தனை பவுண்டு வரை இறக்கலாம் என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். பல வண்டிகளுக்கு வயல் வேலைக்குப் பின் டயரில் 12 பவுண்டு அளவில் போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே போக வேண்டாம். போனால் ரிம் மட்டும் சுற்றி வால்வைப் பிடுங்கிவிடும். டிப்பர் மாட்டி ரோட்டில் ஏறும்போது, லோடுக்குச் சொன்ன அளவுக்குத் திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும். குறைந்த காற்றில் ரோட்டில் லோடு இழுத்தால் டயரின் பக்கச் சுவர் வெடிப்பு விடும். ஏற்றி இறக்குவது தொல்லைதான். காற்று அளக்கும் கேஜ் ஒன்றும், பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்றும் வாங்கிக்கொண்டால் பஞ்சர் கடைக்கு அலைய வேண்டாம்.

அடுத்தது ரிம். டயர் வாங்குவதற்கு முன்னால் ரிம்மைத் துடைத்துவிட்டு, அதில் பொறித்திருப்பதைப் படியுங்கள். W11, W12 என்று எழுத்தும் எண்ணும் இருக்கும். 13.6 டயருக்குப் பொருத்தம் W12, W11-லும் போடலாம். 14.9-க்கு W13 பொருத்தம், W12 வரை அனுமதி உண்டு. 16.9-க்கு அதைவிட அகலமான ரிம் வேண்டும். உங்களுடையது W11 ஆக இருந்தால் 14.9 அதில் உட்காரக் கூடாது. ‘ஏறும்’ என்பார்கள். ஏறும்தான். ஆனால் குறுகிய ரிம்மில் மாட்டிய அகல டயர் நடுவில் உப்பி வட்டமாகிவிடும். நடுப் பட்டன் மட்டும் தரையில் பட்டுத் தேயும், ஓரம் சும்மா இருக்கும். காசு கொடுத்து வாங்கிய அகலம் மண்ணில் படவே படாது. போர்ஷே காராக இருந்தாலும் ரிம்முக்கு ஏற்ற அகலம் என்பதுதான் விதி.

டயர் அகலமானால் உயரமும் கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 28 என்பது ரிம்மின் விட்டம், அது மாறாது. ஆனால் 13.6-28 டயரின் மொத்த உயரம் சுமார் 131 சென்டிமீட்டர், 14.9-28 டயருக்குச் சுமார் 136.5. நூற்றுக்கு நான்கு கூடுகிறது. அதே கியரில் வண்டி நூற்றுக்கு நான்கு வேகமாகப் போகும், இழுவை அந்த அளவுக்குக் குறையும். 42 ஹெச்.பி. வண்டி ஒன்பது கொத்தை இழுக்கத் திணறும் நிலத்தில், இழுவையை நீங்களே குறைத்துக்கொண்ட மாதிரி ஆகும். மட்கார்டு, கலப்பை தூக்கும் கை, பக்கச் சங்கிலி ஆகியவற்றுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிற இடம் மிஞ்சுகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது உங்கள் பயிர் வரிசைதான். மக்காச்சோளம் 60 சென்டிமீட்டர் வரிசை. அதற்குள் 34.5 சென்டிமீட்டர் டயர் போனால் இரண்டு பக்கமும் பயிருக்குச் சுமார் 13 சென்டிமீட்டர் இடைவெளி. 14.9 போட்டால் 11. 16.9 போட்டால் எட்டரை. ஸ்டீயரிங் கொஞ்சம் அசைந்தாலே பயிர் போய்விடும். இலை மேலே தப்பித்தாலும், பக்கவாட்டில் ஓடும் சல்லிவேர் டயருக்கு அடியில்தான் இருக்கும்.

உங்கள் இரண்டு பயிருக்கும் ஒரே சக்கர இடைவெளி பொருந்துகிறது. வலது டயரின் நடுவிலிருந்து இடது டயரின் நடுவுக்கு 180 சென்டிமீட்டர் வைத்தால் மக்காச்சோளத்தில் மூன்று வரிசை, பருத்தியில் இரண்டு வரிசை வண்டிக்கு அடியில் அடங்கும், சக்கரம் இரண்டும் சாலில் போகும். உங்கள் வண்டி அவ்வளவு விரியுமா என்பதைப் புத்தகத்தில் பாருங்கள். ரிம்மையும் டிஸ்க்கையும் திருப்பி மாட்டினாலே பின்பக்கம் விரியும். பட்டன் திசை தலைகீழாகிவிடாமல் டயரில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். முன் அச்சையும் அதே அளவுக்கு விரிக்க வேண்டும். பயிர் வண்டியின் அடிப்பகுதியில் இடிக்காத உயரம் வரைக்கும் இப்படிக் களை ஓட்டலாம்.

இனி, சக்கரம் உண்மையில் எவ்வளவு சுற்றுகிறது என்று அளந்து பாருங்கள். புது டயர் மாட்டிய பிறகும் ஒரு முறை அளக்கலாம். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு, உழப்போகும் நிலத்திலேயே பத்துச் சுற்று ஓட்டி, தூரத்தை அளங்கள். உங்கள் டயருக்கு 39 மீட்டர் அளவில் வரும். பிறகு கலப்பையை இறக்கி அதே கியரில் பத்துச் சுற்று ஓட்டி அளங்கள். 33 முதல் 35 மீட்டர் வந்தால் நூற்றுக்கு 10 முதல் 15 வழுக்குகிறது, அது இருக்க வேண்டிய அளவுதான். 30-க்குக் கீழே போனால் டீசலும் டயரும் வீண். 37-க்கு மேலே வந்தால் வண்டி தேவைக்கு மேல் கனமாக இருக்கிறது, வெறும் எடையைச் சுமந்து மண்ணை அமுக்குகிறீர்கள். கொஞ்சம்கூடச் சுற்றாத சக்கரம்தான் நல்ல சக்கரம் என்று நினைக்கிறோம். வயலில் அப்படி இல்லை.

அளவு மோசமாக வந்தால் டயரைக் குறை சொல்வதற்கு முன்னால் கலப்பையைப் பாருங்கள். கொழு தேய்ந்திருக்கிறதா? ஆழம் தேவைக்கு மேல் இறங்குகிறதா? ஒன்பதில் இரண்டு கொத்தைக் கழற்றி ஏழாக்கி ஓட்டினால் என்ன? வாடகைக்காரர் ஒன்பது கொத்து இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார்தான். இரண்டு சால் கூட ஓட்டிக் கொடுத்துச் சமாளியுங்கள்.

கரிசலில் ஈரம் பார்த்து இறங்குவதும் டயர் அளவுக்கு முக்கியம். உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பென்சில் கனத்தில் உருட்டிப் பாருங்கள். வெடிக்காமல் திரியாக நீண்டால் அன்றைக்கு வண்டியை இறக்காதீர்கள். உடைந்து உதிர்ந்தால் இறக்கலாம். ஈரத்தில் இறங்கினால் எந்த அகலத்து டயரும் பட்டன் இடுக்கு முழுக்க மண் அப்பி, மொட்டை டயர் ஆகிவிடும். அந்த ஈரத்தில்தான் மண்ணும் அதிகம் இறுகும். சக்கரம் முதல் முறை போகும்போதே பெரும்பகுதி இறுக்கம் நடந்துவிடுகிறது, அடுத்தடுத்துப் போவதெல்லாம் அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சம்தான். சந்தேகம் இருந்தால் ஈரம் உள்ள நாளில் ஒரு மெல்லிய கம்பியைச் சக்கரத் தடத்தில் ஒரு முறையும், ஒரு முழம் தள்ளி ஒரு முறையும் குத்திப் பாருங்கள். கை சொல்லிவிடும்.

அகல டயர் போட்டால் மண் இறுகாது என்று சொல்லி விற்பதையும் கேட்டிருக்கிறேன். குறைந்த காற்றோடு ஓட்டினால் மேல்மண்ணுக்கு அது உண்மை. அடிமண் இறுகுவது மொத்த எடையால், அதை டயர் அகலம் காப்பாற்றாது. ஏற்கெனவே இறுகிப்போன நிலமாக இருந்தால் கோடையில் உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கும் குறுக்கும் ஓட்டுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை செய்தால் போதும்.

அப்படியானால் 14.9 யாருக்கு? 45, 50 ஹெச்.பி.க்கு மேல் வண்டி வைத்திருப்பவர், புழுதி உழவும் ரோட்டவேட்டரும் லோடும்தான் வேலை, பயிருக்குள் இறங்குவதே இல்லை, ரிம் W13 அல்லது W12, கம்பெனிப் புத்தகத்திலேயே அந்த அளவும் போட்டிருக்கிறது என்றால் தாராளமாகப் போடலாம். உங்கள் நிலைமை அப்படி இல்லை. இரண்டு டயரையும் ஒரே சமயத்தில், ஒரே அளவில், ஒரே கம்பெனியில் வாங்குங்கள். 14.9-க்குக் கூடுதலாகக் கொடுக்க இருந்த பணத்துக்கு ஈடாக நகையில் ஒரு பொருளையாவது வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடிந்தால் எனக்குச் சந்தோஷம்.

கேள்வி: நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டர் வைத்திருக்கிறேன். பின் டயர் 14.9-28. அதை மட்டும் 16.9 ஆக்கலாமா?
வாசகர், ஈரோடு மாவட்டம்.

பதில்: கூடாது. அந்த வண்டிகளில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட ஒரு பொட்டு வேகமாகச் சுற்றும்படி கியர் அமைத்திருப்பார்கள். நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை அந்த வித்தியாசம் இருக்கும். பின்னால் 16.9 போட்டால் உயரம் நூற்றுக்கு ஐந்து கூடிவிடும். முன் சக்கரம் இழுப்பதை விட்டுவிட்டுப் பின்னால் இழுபட ஆரம்பிக்கும். முன் டயர் தேயும், முன் அச்சுக்குப் போகும் ஷாஃப்டும் கியரும் அடி வாங்கும். முன், பின் இரண்டையும் கம்பெனி சொன்ன ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பின் டயர் புதிது, முன் டயர் மொட்டை என்று ஓட்டுவதும் இதே கோளாறில்தான் கொண்டுபோய் விடும்.

கேள்வி: சேற்றுழவில் டிராக்டர் புதைகிறது. அகலமான டயர் போட்டால் மிதக்குமா?
வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்: மிதக்காது அய்யா. சேற்றில் சக்கரம் அடியில் உள்ள கெட்டி மண்ணைத் தொடும்வரை இறங்கத்தான் செய்யும். அங்கே பிடி கொடுப்பது அகலத்தைவிடப் பட்டனின் ஆழம். நஞ்சைக்கென்றே ஆழப் பட்டன் டயர் வருகிறது, சாதாரண டயரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரப் பட்டன். ஆனால் ரோட்டில் ஓட்டினால் சீக்கிரம் கரையும். வாடகைக்குப் போகாமல் சொந்த நஞ்சை மட்டும் என்றால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு டயரோடு சேர்த்து மாட்டும் அரைக் கேஜ் வீல் போதும். அதை மாட்டிக்கொண்டே தார் ரோட்டில் போகாதீர்கள், ரோடு கிழிந்துவிடும். டிப்பரில் ஏற்றிப் போய் வயலில் மாட்டுங்கள். வண்டி புதைகிறதே என்று அந்தக் கெட்டி அடுக்கைக் கலப்பையால் உடைத்துவிடவும் வேண்டாம். நெல்லுக்குத் தண்ணீரை நிறுத்துவது அதுதான்.

கேள்வி: டயருக்குள் தண்ணீர் நிரப்பினால் பிடிமானம் கூடும் என்கிறார்களே?
வாசகி, தூத்துக்குடி மாவட்டம்.

பதில்: கூடும். உங்கள் பக்கத்துத் தேரி மணலுக்கு அது நல்ல வழிதான், அங்கே எடைதான் பிடி. வால்வு மேலே வரும்படி சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பங்கு நிரம்பும். மேலே காற்றுக்கு இடம் இருக்க வேண்டும். 28 அங்குல டயர் ஒன்று நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும், அத்தனை கிலோ ஒவ்வொரு பக்கமும் கூடுகிறது. இரண்டு பக்கமும் சமமாக நிரப்புங்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம், ரிம் துருப்பிடிக்கும். கரிசலில் ஈரம் இருக்கும்போதும், சேற்றுழவுக்குப் போகும்போதும் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

கேள்வி: புதுப் பட்டன் ஒட்டிய பழைய டயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
வாசகர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். நூல் தெரிந்தாலோ, பக்கச் சுவரில் வெடிப்போ வீக்கமோ இருந்தாலோ வேண்டாம். சுவர் நன்றாக இருந்து, இரண்டும் ஒரே அளவு, ஒரே பட்டன் உயரம் என்றால் மெதுவான வயல் வேலைக்குப் போடலாம். டிப்பர் லோடுக்கு நான் சொல்ல மாட்டேன். சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மேலே பட்டன் புதிதாக இருந்தாலும் டயரின் வயதை அந்த எண்ணை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். எண்ணைச் சுரண்டி அழித்திருந்தால் அந்தக் கடையில் மேற்கொண்டு பேரம் பேச வேண்டாம்.